ஒரு செட் மாத்திரை: சுயமருத்துவம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

“அண்ணே, உடம்பெல்லாம் வலி, லேசா காய்ச்சல் அடிக்குது. ரெண்டு நாளைக்கு ஒரு செட் குடுங்க.” தமிழ்நாட்டில் எந்த ஊர் மெடிக்கல் ஷாப் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுப்பார். ஒவ்வொன்றிலிருந்தும் சில மாத்திரைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சின்னக் காகிதக் கவரில் போடுவார். “காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு, சாப்பாட்டுக்கு அப்புறம்” என்று நீட்டுவார். வாங்கிப் போகிறவருக்குக் கவரில் இருப்பது என்ன மருந்து என்று தெரியாது. வெட்டிய துண்டில் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி வேறொரு துண்டோடு போயிருக்கும்.

நமக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று மருத்துவரைப் பார்க்காமல் நாமே முடிவு செய்து, நாமே மருந்து எடுத்துக்கொள்வதுதான் சுயமருத்துவம். செட் வாங்குவது அதில் ஒரு வகை. தலைவலிக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் போடுவதும் அதுதான். போன வருடம் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி அதே மருந்தை மறுபடி வாங்குவது, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரையை நாமும் போட்டுப் பார்ப்பது, யூடியூபில் பார்த்த கஷாயத்தை வைத்துக் குடிப்பது எல்லாம் இதற்குள் வரும். ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று பிரஷர் மாத்திரையை நாமே நிறுத்திவிடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் அதைச் சுயமருத்துவமாக நினைப்பதே இல்லை.

இதை மொத்தமாகத் தவறு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு ஜலதோஷத்துக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். கிளினிக்குக்குப் போனால் ஃபீஸ், அதற்கு மேல் மருந்துச் செலவு. தானாகவே ஒரு வாரத்தில் போய்விடும் சளிக்கெல்லாம் மருத்துவரிடம் ஓடினால், உண்மையிலேயே அவசரமாகப் பார்க்கப்பட வேண்டியவர் அதே வரிசையில் பின்னால் நிற்க நேரும். சின்ன உபாதைகளை மக்கள் தாங்களே பார்த்துக்கொள்வதை உலக சுகாதார நிறுவனமும் ஆதரிக்கிறது. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றும் தெரிந்து போட்டுக்கொள்ளும்வரை அது நம்மை நாமே பராமரிப்பது. இந்த மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் ஆபத்து தொடங்கிவிடுகிறது.

உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

சுயமருத்துவத்தின் நன்மைக்கு யாராவது உதாரணம் கேட்டால், வயிற்றுப்போக்குக்கு நீரில் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத்தான் காட்டுவேன். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் நரம்பு வழியே ஏற்றும் டிரிப்ஸ் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியில் இருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து கலந்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வைத்தார். ஊட்டியவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் உறவினர்கள். மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாதவர்கள். அந்தச் சூழலில் 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, இந்தக் கரைசலால் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு 2023-இல் இந்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது.

இது வேலை செய்வதன் காரணம் எளிமையானது. வயிற்றுப்போக்கில் குடல் நீரை இழக்கிறது. வெறும் தண்ணீரையோ வெறும் உப்பையோ கொடுத்தால் அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆனால் குளுக்கோஸ் குடல் சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் கூடவே அழைத்துப் போகிறது. சோடியம் போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகிறது. காலராவிலும் இந்தப் பாதை அடைபடுவதில்லை. அதனால்தான் அளவு இவ்வளவு முக்கியம். சர்க்கரை கூடினால் குடலுக்குள் இன்னும் நீர் இழுக்கப்பட்டுப் போக்கு அதிகமாகும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

பெரிய பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது. அட்டையில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பது தவறு. பொட்டலம் கைவசம் இல்லையா? ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இதோடு துத்தநாக மருந்தும் 10 முதல் 14 நாள் கொடுக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டையும் கேட்டு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மெடிக்கல்களில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் சில ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் சேர்த்துக்கொண்டு பல வருடம் விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து நீண்ட காலம் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளைப் பானங்களின் பெயரில் பயன்படுத்தத் தடை விதித்தது. பேதியாகும் குழந்தைக்கு ஜூஸ் போன்ற அந்தப் பானத்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

எல்லோர் வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால்

சரியான அளவில் எடுத்தால் பாராசிட்டமால் மிகப் பாதுகாப்பான மருந்து. அளவு மீறினால் கல்லீரலைச் செயலிழக்கவைக்கும் மருந்தும் அதுவே. இரண்டும் ஒரே மாத்திரைதான் என்பதைப் புரிந்துகொண்டால் சுயமருத்துவத்தில் பாதி புரிந்த மாதிரி. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் பாதிப்பில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். குளுட்டாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும். அளவு அதிகமாகும்போது குளுட்டாதயோன் தீர்ந்துவிடுகிறது; பிடிபடாத நச்சு கல்லீரல் செல்களையே தாக்குகிறது. கொடுமை என்னவென்றால், முதல் நாள் லேசான குமட்டலைத் தவிர ஒன்றும் தெரியாது. கல்லீரல் கெட்டிருப்பது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது; முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே தெரியாமல் அதிகம் போட்டுவிட்டால் ‘உடம்புக்கு ஒன்னும் பண்ணலையே’ என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4 கிராம். 500 மி.கி. மாத்திரை என்றால் எட்டு, 650 என்றால் ஆறு. இரண்டு வேளைகளுக்கு இடையில் குறைந்தது நாலு மணி நேரம் விட வேண்டும். இது உச்சவரம்பு, எல்லோருக்கும் இவ்வளவு தேவைப்படாது. உடல் எடை குறைந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே. யார் எட்டு மாத்திரை போடப்போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால் சளிக்கு வாங்கும் பல கூட்டு மாத்திரைகளுக்குள் பாராசிட்டமால் உண்டு. அசெக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளோடும் அதைச் சேர்த்து விற்கிறார்கள். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று என்று மூன்று அட்டையிலிருந்து போடுபவர், ஒரே மருந்தை மூன்று முறை போடுகிறார். பிராண்ட் பெயர்கள் வேறு வேறாக இருப்பதால் அவருக்கு அது தெரியாது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் ஆபத்தானது. வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு. பத்துக் கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மி.கி. போதும். ஆனால் கடையில் கிடைக்கும் சிரப்பில் ஒரு வகை 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி., இன்னொரு வகை 5 மி.லி.க்கு 250 மி.கி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒரே மி.லி.யில் 100 மி.கி. சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். அது பெரியவருக்கான ஒரு வேளை அளவு. ‘ஒரு மூடி குடுங்க’, ‘அரை ஸ்பூன் குடுங்க’ என்று யார் சொன்னாலும், எந்த பாட்டிலின் மூடி என்று திருப்பிக் கேளுங்கள். பாட்டிலோடு வரும் அளவுக் கோப்பையையோ சிரிஞ்சையோதான் பயன்படுத்த வேண்டும்.

மூன்று மாதத்துக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் கணக்கும் போட வேண்டாம். நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.

செட்டுக்குள் என்ன இருக்கிறது

காய்ச்சல் செட் என்று கட்டித் தருவதில் பாராசிட்டமாலோடு பெரும்பாலும் ஓர் அலர்ஜி மாத்திரை இருக்கும். பல இடங்களில் ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் சேரும். சில இடங்களில் ஸ்டீராய்டும் போடுகிறார்கள். போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கி, வலி பறந்து, பசிகூட எடுக்கும். ‘அந்தக் கடை மருந்து நல்லா கேக்குது’ என்று பெயர் வருவது இதனால்தான். அந்த நிம்மதி பொய் என்று சொல்லவில்லை. அதற்கு உடம்பு கொடுக்கும் விலை வேறு இடத்தில் வசூலாகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆன்டிபயாட்டிக். சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி ஆகியவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. இரண்டு நாள் செட்டில் நோய்க்கிருமி சாகாவிட்டாலும் நம் குடலிலும் தோலிலும் இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சந்தித்துவிடுகின்றன. தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். அவர் ஒரு கற்பனைக் கதை சொன்னார்: தொண்டை வலி வந்த ஒருவர் தானே பெனிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார், போதாத அளவில். கிருமிகள் சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கின்றன. அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறது, மனைவிக்கு நிமோனியா வருகிறது, பெனிசிலின் கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். மருந்து போட்டவர் ஒருவர், செத்தவர் இன்னொருவர். எண்பது வருடம் கழித்து இது நம் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.க்களின் அன்றாடப் பிரச்சினையாகிவிட்டது. மிக வலிமையான கார்பபெனெம் மருந்துகளையே எதிர்க்கும் மரபணு ஒன்று சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் இருப்பதாக 2010-இல் ஆய்வு வெளியானது. 2012-இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி ஆன்டிபயாட்டிக்குகளை முறைப்படுத்தக் கோரிய அறிக்கைக்கு ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர்.

செட்டில் போடும் ஆன்டிபயாட்டிக் இன்னொரு வகையிலும் கெடுக்கும். தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் பரவலாக இருக்கிறது. அதற்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சரியாக வேலை செய்யும். செஃபிக்சிம் போன்றவை அந்தக் கிருமியைத் தொடவே தொடாது. தவறான மருந்தில் நாலைந்து நாள் போனால் நோய் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் எட்டிவிடும். அதேபோல, இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் வகை மருந்தைத் தானாக வாங்கிப் போட்டால், உள்ளே இருப்பது காசநோய் என்றால் அது கொஞ்சம் அடங்கியதுபோல் காட்டிவிட்டு மறைந்து வளரும், பரிசோதனையும் தள்ளிப்போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

அடுத்து ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள். இவை தேவையான இடத்தில் உயிர் காக்கும் மருந்துகள். ஆஸ்துமா முற்றியவருக்கு இவற்றைக் கொடுக்காமல் இருப்பதுதான் தவறு. ஆனால் இவை வீக்கத்தையும் காய்ச்சலையும் அடக்குவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கித்தான். சர்க்கரையை ஏற்றிவிடும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசியலாம். மாதக்கணக்கில் மூட்டுவலிக்கு இப்படி வாங்கிப் போட்டவரின் உடம்பு, சொந்தமாக ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரப்பதையே குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் நாடு முழுக்கப் பலரின் கண்ணையும் உயிரையும் பறித்தது. கட்டுப்படாத சர்க்கரையும் முறையற்ற ஸ்டீராய்டு பயன்பாடும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

இதே ஸ்டீராய்டு களிம்பாகவும் வீட்டுக்குள் வந்துவிட்டது. படர்தாமரைக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டியூபில் பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். தடவிய அன்றே அரிப்பு நிற்கும். ஸ்டீராய்டு அரிப்பைத்தான் நிறுத்துகிறது, பூஞ்சைக்கோ தோலின் எதிர்ப்பு குறைந்ததால் வளர வசதியாகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பும். வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரை இந்தியாவில் இன்று தோல் மருத்துவர்களின் பெரிய தலைவலி. டிரைக்கோஃபைட்டான் இண்டோடினே என்று இந்தியாவின் பெயரையே தாங்கிய பூஞ்சை இனம் மற்ற நாடுகளிலும் கண்டறியப்படுகிறது. சிவப்பழகுக்காக இதே களிம்பை முகத்தில் மாதக்கணக்கில் தடவும் பெண்களுக்குத் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும் நிலை வருகிறது. 2018-இல் இந்த ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. இன்னும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் வருத்தம்.

கண்ணுக்கும் இதே கதைதான். அறுவடையில் நெல் தூசோ உமியோ கண்ணில் பட்டுச் சிவந்தால் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். அதற்கு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் கருவிழிப் புண் ஆழமாகி, பார்வையே போகலாம். தாய்ப்பால், இலைச்சாறு விடுவதும் வேண்டாம். சுத்தமான நீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

வலி மாத்திரைகளைப் பற்றி ஒன்று மட்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் எடுக்கும் வயதானவர்கள் மூட்டுவலிக்கென்று இதையும் தினம் போட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும். வீட்டுப் பெரியவரின் மூட்டுவலி மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

நேரம் போய்விடும் இடங்கள்

மருந்து நேரடியாகச் செய்யும் கெடுதலைவிட, மருந்து போட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாவது சில நோய்களில் பெரிய கெடுதல். நம் ஊரில் இதற்கு முதல் உதாரணம் ‘கேஸ் பிரச்சினை’. நெஞ்சில் அழுத்தம், நெஞ்செரிச்சல்போல ஒரு உணர்வு; வாயு என்று நினைத்து ஜெலுசில், ஓம வாட்டர், சோடா என்று ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்ப்பார்கள். அது மாரடைப்பு என்றால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத படபடப்பு எது இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் குமட்டலாகவும் வரலாம். 2023-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் வேளை மாத்திரைகள் கிராமத்து அரசு சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கப்படுகின்றன. பெரிய ஊர் தூரமாக இருந்தால் முதலில் அங்கே போகலாம்.

இரண்டாவது டெங்கு. மழைக்காலக் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது. ஆஸ்பிரினும் டைக்ளோபினாக் வகையும் ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். பலருக்குத் தெரியாத விஷயம், டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது என்பது. மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல் இருந்தால் ‘ஜுரம் விட்டுருச்சு’ என்று ஆறுதலடைய வேண்டாம். எந்தக் காய்ச்சலானாலும் மூன்றாம் நாளும் நீடித்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

யாருக்கெல்லாம் கூடுதல் கவனம்

கர்ப்பிணிகள் எந்த மாத்திரையையும் தாமாகப் போடக் கூடாது என்பதற்கு வரலாறே சாட்சி. தாலிடோமைடு என்ற மாத்திரை 1957-இல் மேற்கு ஜெர்மனியில் பாதுகாப்பான தூக்க மருந்து என்று மருத்துவச் சீட்டில்லாமலே விற்கப்பட்டது. கர்ப்பகால வாந்திக்கும் பெண்கள் எடுத்தார்கள். 1961-இல் திரும்பப் பெறுவதற்குள் கைகால் வளராமல் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்துவிட்டன. இன்று மருந்துகளுக்கு இவ்வளவு கடுமையான சோதனைகள் இருப்பதற்கு அந்தக் குழந்தைகள் ஒரு முக்கியக் காரணம்.

கோயில் விசேஷம், கல்யாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டெரோன் மாத்திரை வாங்குவது நம் வீடுகளில் சகஜம். ஆரோக்கியமான பெண்ணுக்கு எப்போதாவது ஒருமுறை எடுப்பதில் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், கடும் மைக்ரேன் உள்ளவர்கள், உடல் பருமன் அதிகமானவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயம் உண்டு. கேட்க வெட்கப்பட்டு வீட்டு ஆண்களை அனுப்பி வாங்குவதால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதே இல்லை. கருக்கலைப்பு மாத்திரை இதைவிடத் தீவிரமானது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் வளர்ந்துகொண்டிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டும். ஸ்கேன் பார்க்காமல் அதை எடுக்கவே கூடாது. இந்தியச் சட்டம் 1971-இலிருந்தே மருத்துவர் மூலம் கருக்கலைப்பு செய்ய வழி கொடுத்திருக்கிறது, பயந்து மறைக்கத் தேவையில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு இருமல் சிரப் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மறுபடி அறிவுறுத்தியது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் சிரப்பால் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த சமயம் அது. அந்தச் சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சிந்த்வாராவில் பலருக்கு டாக்டரே எழுதிக் கொடுத்தார் என்பதால் அது சுயமருத்துவத்தின் குற்றமாகாது. ஆனால் தேவையில்லாத மருந்தைத் தவிர்த்தால் அதில் கலந்திருக்கும் விஷத்தையும் தவிர்க்கலாம். ஒரு வயதைக் கடந்த குழந்தையின் இருமலுக்குத் தேன் நல்ல மருந்து. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, பொட்டுலிசம் என்ற கடும் நோய் வரக்கூடும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். குழந்தைக்குச் சளி என்று கற்பூரத்தைத் தொட்டில் பக்கமோ கைக்கெட்டும் இடத்திலோ வைக்காதீர்கள்.

சுக்கு, மிளகு, துளசி, மஞ்சள் பால் ஆகியவை தொண்டைக்கு இதம். யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் பெயர் தெரியாத சூரணம், செந்தூரம், ஊர் ஊராக வரும் சர்க்கரை நோய் லேகியம் விஷயம் வேறு. சரியாகச் சுத்தி செய்யாத பஸ்பங்களில் ஈயம், பாதரசம் இருக்கக்கூடும்; ஆங்கில மருந்தான ஸ்டீராய்டு கலந்தவையும் பிடிபட்டிருக்கின்றன. சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது, முறையாகப் படித்த மருத்துவரிடம் வாங்குங்கள்.

அட்டையைப் படிக்கப் பழகுங்கள்

இந்தியாவில் மருந்து விற்பனையை 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும் 1945 விதிகளும் நிர்ணயிக்கின்றன. சீட்டில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள் ‘ஹெச்’ பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ‘ஹெச்1’ பட்டியலில் வலிமையான ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற பழக்கமாகிவிடும் மருந்துகள் உள்ளன. அவற்றை வாங்குபவர், எழுதிய மருத்துவர் விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரும் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு: அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

கோடு இல்லாத மருந்தானாலும் மூன்றைப் பாருங்கள். பிராண்ட் பெயர் கம்பெனி வைத்தது. அதன் கூடவே இருக்கும் இன்னொரு பெயர்தான் மருந்தின் உண்மையான பெயர். அதற்குப் பக்கத்தில் மி.கி. அளவு. பிறகு காலாவதித் தேதி. இதற்காகத்தான் முழு அட்டையாக வாங்கச் சொல்கிறேன். உதிரியாகத்தான் வாங்க முடியும் என்றால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது அட்டையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற கடைகளில் மூலப்பெயரிலேயே விலை குறைந்த மருந்து கிடைப்பதால், பெயர் தெரிந்தால் செலவும் குறையும்.

கடையில் பார்மசிஸ்ட் யார் என்று கேளுங்கள். சட்டப்படி ஒருவர் இருக்க வேண்டும். அவர் இதற்கென்றே படித்தவர். அவரிடம் ஐந்து விஷயங்களைச் சொல்லிவிட்டு மருந்து கேளுங்கள்: யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக, ஏற்கெனவே போடும் மாத்திரைகள் என்னென்ன, எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. கர்ப்பமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். அலர்ஜிக்கு அவில் போன்ற மாத்திரை வாங்கினால் தூக்கம் வருமா, வண்டி ஓட்டலாமா என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்து மருத்துவ ஆலோசனை பெறலாம்.

மருந்து போட்டபின் உடம்பில் தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் 108. வாயிலும் கண்ணிலும் புண்ணோடு தோல் உரியத் தொடங்கினாலும் அப்படியே. அந்த மருந்தின் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், இனி எந்த மருத்துவரிடம் போனாலும் காட்ட வேண்டும். பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணை வைத்திருக்கிறது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியோ வீட்டாரோ சொல்லலாம். மருந்தின் பெயர், பேட்ச் எண், எப்போது போட்டீர்கள், என்ன ஆனது என்று கேட்பார்கள். அதனால் மாத்திரை தீர்ந்தாலும் உடம்பு சரியாகும்வரை அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம்.